போனின் மொபைல் டேட்டாவை டேப்லெட்டுடன் பகிர்ந்துகொள்வது எப்படி?

வைஃபை மட்டுமே உள்ள டேப்லெட்டை வீட்டு ரவுட்டரின் எல்லையைத் தாண்டி எடுத்துச் சென்றதும் அதில் இணையம் நின்றுவிடும். அதற்காகத் தனியாக ஒரு சிம் வாங்கவோ, சிம் போடும் வசதியுள்ள வேறு டேப்லெட்டைத் தேடவோ தேவையில்லை. பையில் இருக்கும் ஸ்மார்ட்போனே ரவுட்டரின் வேலையைச் செய்யும். போன் தன் சிம் வழியாக வரும் மொபைல் டேட்டாவை வைஃபை அலைகளாகப் பரப்ப, டேப்லெட் அதை மற்ற வைஃபைகளைப் போலவே கண்டுபிடித்து இணைந்துகொள்கிறது. இந்த வசதிக்கு ஹாட்ஸ்பாட் என்று பெயர்; செட்டிங்ஸ் பக்கங்களில் டெதரிங் என்ற சொல்லும் கூடவே வரும்.

இணைப்பது இரண்டு நிமிட வேலை. கவனம் வேண்டியது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். டேப்லெட்டின் கணக்கில் வைஃபை என்றாலே அளவில்லாத இணையம். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது அடக்கி வாசிக்கும் அதே ஆப்கள், வைஃபை கிடைத்ததும் காத்திருந்த அப்டேட்டுகளை இறக்கத் தொடங்கும். புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றும். வீடியோவை உயர்ந்த தரத்தில் ஓட்டும். ஒரு மாதத்துக்குப் போதும் என்று வைத்திருந்த டேட்டா ஒரே மாலையில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே இணைக்கும் வழியைச் சொல்வதோடு, டேப்லெட்டின் இந்தத் தாராளத்தைக் கட்டுப்படுத்தும் வழியையும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடங்குவதற்கு முன்

முதலில் உங்கள் திட்டம் ஹாட்ஸ்பாட்டை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மொபைல் நிறுவனங்கள் ஹாட்ஸ்பாட் வழியாகச் செல்லும் டேட்டாவுக்குத் தனி வரம்பு வைக்கின்றன. சில திட்டங்களில் அது அடியோடு கிடையாது. அளவில்லாத டேட்டா என்று விளம்பரப்படுத்தப்படும் திட்டங்களிலும் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் ஒரு வரம்பு இருக்கக்கூடும் என்பதால், திட்டத்தின் விவரத்தை ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிடுவது நல்லது.

போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ஏதாவது ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனிலேயே பக்கம் திறக்கத் திணறினால், டேப்லெட்டில் அது வேகமாகத் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டு போனில் டேட்டா சேவர் இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது இயங்கும் வரை பல ஆண்ட்ராய்டு போன்களில் ஹாட்ஸ்பாட்டைத் திறக்கவே முடியாது. இந்தச் சிறிய காரணம் புரியாமல், பொத்தான் மங்கிக் கிடப்பதைப் பார்த்து போன் பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

ஆண்ட்ராய்டு போனில்

செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்ற பகுதிக்குள் 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' இருக்கும். சாம்சங் போன்களில் இது 'கனெக்‌ஷன்ஸ்' பகுதிக்குள் 'மொபைல் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' என்றும், ஷாவ்மி போன்களில் 'போர்ட்டபிள் ஹாட்ஸ்பாட்' என்றும் காணப்படும். எங்கே என்று தெரியாவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ஹாட்ஸ்பாட் என்று தேடினால் நேராக அந்தப் பக்கத்துக்கே போய்விடலாம்.

சுவிட்சைத் திறப்பதற்கு முன் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். பெயர் அக்கம்பக்கத்தில் உள்ள எல்லோருடைய வைஃபை பட்டியலிலும் தெரியும் என்பதால் அதில் உங்கள் பெயரோ தொலைபேசி எண்ணோ வேண்டாம். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். டேப்லெட் பழையதாக இருந்து இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2-வுக்கு இறங்கிவாருங்கள். கடவுச்சொல் இல்லாத திறந்த ஹாட்ஸ்பாட் மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது: முகம் தெரியாத ஒருவர் அதில் இணைந்து செய்யும் எதுவும் உங்கள் சிம்மின் கணக்கில்தான் போய்ச் சேரும். கடவுச்சொல்லுக்கு விதி கேட்பது குறைந்தது 8 எழுத்துகள். தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் நினைவில் வைப்பதும் எளிது, ஊகிப்பதும் கடினம்.

அடுத்து அலைவரிசை. பெரும்பாலான போன்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டைக் காட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கூட்டம் குறைந்தது, ஆனால் சுவரைக் கடக்கும்போது வேகமாக வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் தொலைவு போகும். பழைய டேப்லெட்டுகளுக்கும் எட்டும். ஆனால் புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு, அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். போனும் டேப்லெட்டும் ஒரே மேசையில் இருக்கப்போகின்றன என்றால் 5 கிகாஹெர்ட்ஸே என் தேர்வு. டேப்லெட்டில் ஹாட்ஸ்பாட்டின் பெயரே தெரியவில்லை என்றால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

யாரும் இணைந்திருக்காதபோது ஹாட்ஸ்பாட் தானாக அணையும் அமைப்பும் இதே பக்கத்தில் இருக்கும். அதை அப்படியே விட்டுவைப்பது பேட்டரிக்கு நல்லது. டேப்லெட் சிறிது நேரம் உறங்கியதும் இணைப்பு போய்விடுகிறது என்று தொல்லையாக இருந்தால் மட்டும், அந்தக் கால அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐஃபோனில்

செட்டிங்ஸில் 'பர்சனல் ஹாட்ஸ்பாட்' என்பதைத் திறந்து 'அலவ் அதர்ஸ் டு ஜாயின்' என்ற சுவிட்சைத் தள்ளினால் போதும். கடவுச்சொல்லை அங்கேயே மாற்றலாம். பெயரை மாற்ற மட்டும் வேறிடம் போக வேண்டும்: 'ஜெனரல்' பகுதியில் 'அபவுட்' என்பதற்குள் போனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்களோ, ஹாட்ஸ்பாட்டின் பெயரும் அதுவே.

ஐஃபோனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆப்பிள் அல்லாத டேப்லெட்டை இணைக்கும்போது, அது இணைந்து முடியும் வரை 'பர்சனல் ஹாட்ஸ்பாட்' பக்கத்தை விட்டு வெளியேறாமல், திரையை அணைக்காமல் வைத்திருங்கள். அந்தப் பக்கத்தை விட்டுப் போய்ச் சிறிது நேரத்துக்குள் எதுவும் இணையாவிட்டால் ஐஃபோன் தன் பெயரை ஒலிபரப்புவதை நிறுத்திக்கொள்ளும். டேப்லெட்டோ பட்டியலில் தேடிக்கொண்டே இருக்கும். ஐஃபோன் 12 முதலான மாடல்களில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்றொரு சுவிட்சும் உண்டு. அதைத் திறந்தால் ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். வேகம் சற்றுக் குறைந்தாலும் பழைய டேப்லெட்டுகள் இணைந்துகொள்ளும்.

ஐபேடும் ஐஃபோனும் ஒரே ஆப்பிள் கணக்கில் இருந்தால் கடவுச்சொல்லே தேவைப்படாது. இரண்டிலும் வைஃபையும் புளூடூத்தும் இயங்கினால், ஐபேடின் வைஃபை பட்டியலில் போனின் பெயர் தானாக வந்து நிற்கும், தொட்டால் இணைந்துவிடும், போனைப் பையிலிருந்து எடுக்கவும் வேண்டாம். சாம்சங் போனும் சாம்சங் டேப்லெட்டும் ஒரே சாம்சங் கணக்கில் இருக்கும்போது 'ஆட்டோ ஹாட்ஸ்பாட்' இதே வேலையைச் செய்கிறது.

டேப்லெட்டில் இணைத்தல்

டேப்லெட்டின் வைஃபை பட்டியலில் நீங்கள் வைத்த பெயரைத் தொட்டு, கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து இணையுங்கள். நீளமான கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய அலுப்பாக இருந்தால், பல ஆண்ட்ராய்டு போன்களின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் உள்ள கியூஆர் குறியைத் திரையில் வரவழைத்து, டேப்லெட்டின் கேமராவை அதன்மேல் காட்டலாம். இணைந்த பின் டேப்லெட்டில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிவிடுங்கள். உடனே வீடியோவுக்குப் போகாமல் அடுத்த பகுதியில் சொல்லப்படுவதை முடித்துக்கொள்வதே முறை.

டேட்டாவைக் கட்டுப்படுத்துதல்

முதல் வேலை, இந்த வைஃபை அளவுள்ளது என்று டேப்லெட்டுக்கு அறிவிப்பது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில், இணைந்திருக்கும் வைஃபையின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு, 'நெட்வொர்க் யூசேஜ்' அல்லது 'மீட்டர்ட் நெட்வொர்க்' என்ற வரியைத் திறந்து, 'ட்ரீட் அஸ் மீட்டர்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபேடில், வைஃபை பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் ஐ குறியைத் தொட்டால் 'லோ டேட்டா மோட்' தெரியும்; ஐபேட்ஓஎஸ் 13 முதல் இது இருக்கிறது. இதைத் திறந்ததும் தானியங்கி அப்டேட்டுகளும் ஐகிளவுட் புகைப்பட ஒத்திசைவும் நிற்கும். பின்னணியில் நடக்கும் பல வேலைகள் தள்ளிப்போகும். விண்டோஸ் டேப்லெட் என்றால், அந்த வைஃபையின் பண்புகளில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்ற சுவிட்ச் அதே வேலையைச் செய்யும். இந்த அமைப்புகள் அந்த ஒரு வைஃபைக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் வீட்டு ரவுட்டரில் டேப்லெட் வழக்கம்போலவே நடந்துகொள்ளும்.

ஆண்ட்ராய்டு போனில் ஆண்ட்ராய்டு டேப்லெட் இணையும்போது, டேப்லெட்டுக்கு ஐபி முகவரி (இணைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) வழங்கும் சமயத்திலேயே 'இது அளவுள்ள இணைப்பு' என்று போன் ஒரு குறிப்பை அனுப்பிவிடுகிறது. டேப்லெட்டும் அதைப் புரிந்துகொள்கிறது. ஐஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்த ஐபேடுக்கும் அது செலவு பிடிக்கும் இணைப்பு என்பது தெரியும். ஐஃபோனோடு ஆண்ட்ராய்டு டேப்லெட்டையோ, ஆண்ட்ராய்டு போனோடு ஐபேடையோ இணைக்கும்போது இந்தப் புரிதலை நம்பியிருக்க முடியாது. இப்படிக் கலந்து பயன்படுத்துபவர்கள் மேலே சொன்ன அமைப்பைக் கைப்பட மாற்றியே ஆக வேண்டும். மற்றவர்களும் ஒருமுறை திறந்து சரிபார்த்துக்கொள்வதில் நட்டமில்லை.

இரண்டாவது வேலை, ஆப்களுக்குள் இருக்கும் வைஃபை அமைப்புகளைப் பார்ப்பது. எல்லா ஆப்களும் மேலே சொன்ன அறிவிப்பை மதித்து நடக்கும் என்று சொல்ல முடியாது. யூடியூபின் செட்டிங்ஸில் வீடியோ தரத்துக்கு இரண்டு தனித்தனி வரிகள் இருக்கின்றன: ஒன்று மொபைல் நெட்வொர்க்கில் இருக்கும்போது, மற்றொன்று வைஃபையில் இருக்கும்போது. ஹாட்ஸ்பாட்டில் இணைந்த டேப்லெட்டுக்குப் பொருந்துவது இரண்டாவது வரி. மொபைல் நெட்வொர்க்குக்கு நேராக 'டேட்டா சேவர்' என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு அதனால் இங்கே பயன் எதுவும் இல்லை. வைஃபைக்கு நேராகவும் அதையே வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான். வைஃபையில் இருக்கும்போது எந்தெந்தக் கோப்புகளைத் தானாக இறக்கலாம் என்ற பட்டியல் தனியாக இருக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் அனுமதி இருந்தால், குழுக்களில் வந்து குவிந்த வீடியோக்கள் அனைத்தும் டேப்லெட் இணைந்த கணமே இறங்கத் தொடங்கும். பிளே ஸ்டோரில் 'ஆட்டோ அப்டேட் ஆப்ஸ்' என்பதை நிறுத்திவைப்பதும், புகைப்பட ஆப்பில் பேக்கப்பைத் தற்காலிகமாக நிறுத்துவதும் இந்தப் பட்டியலில் சேரும்.

வீடியோ எவ்வளவு தின்னும் என்பதற்கு ஒரு கணக்கு. விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு எச்டி வீடியோ, ஒரு மணி நேரத்தில் 18,000 மெகாபிட்டைக் கொண்டுவரும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் அது 2,250 எம்பி, அதாவது ஏறத்தாழ 2.25 ஜிபி. அதே வீடியோவை விநாடிக்கு 1 மெகாபிட் கேட்கும் தரத்துக்கு இறக்கினால் மணிக்கு 450 எம்பி-யில் முடிந்துவிடும். போனின் சின்னத் திரையில் 480பி போதும் என்று விட்டுவிடும் ஆப், டேப்லெட்டின் பெரிய திரையைப் பார்த்ததும் தரத்தை ஒரு படி ஏற்றப் பார்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயணத்தில் பார்க்க வேண்டிய படங்களை முந்தின நாளே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு, ஹாட்ஸ்பாட்டை மின்னஞ்சல், வாசிப்பு, வரைபடம், அழைப்பு ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வது சிக்கனமான ஏற்பாடு.

எவ்வளவு செலவானது என்பதைப் போனிலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் ஹாட்ஸ்பாட்டுக்கென்று ஒரு தனி வரியும், ஐஃபோனில் செல்லுலார் பகுதியில் பர்சனல் ஹாட்ஸ்பாட் என்ற வரியும் இருக்கும். ஆண்ட்ராய்டில் ஒரு வரம்பை வைத்து, அதைத் தொட்டதும் மொபைல் டேட்டாவே நின்றுவிடும்படியும் செய்யலாம். குழந்தைகளின் கையில் டேப்லெட்டைக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

போனை எங்கே வைப்பது?

போனுக்கு இப்போது இரண்டு வேலைகள்: ஒரு பக்கம் செல் கோபுரத்தோடு பேச வேண்டும், மறுபக்கம் டேப்லெட்டோடு பேச வேண்டும். கோபுரம் தொலைவில் இருக்கிறது, டேப்லெட் அருகில் இருக்கிறது. ஆகவே சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலோரம் போனை வைத்துவிட்டு, டேப்லெட்டை உங்கள் வசதிப்படி எடுத்துச் செல்லுங்கள். பலர் செய்வது நேர்மாறாக இருக்கிறது: போனை மடியிலோ பையிலோ அறையின் மூலையிலோ வைத்துக்கொண்டு டேப்லெட்டின் வைஃபை குறி முழுதாக இருப்பதைப் பார்த்து, வேகம் ஏன் வரவில்லை என்று திகைக்கிறார்கள். அந்தக் குறி டேப்லெட்டுக்கும் போனுக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே காட்டுகிறது. போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான தொடர்பைப் போனின் திரையில்தான் பார்க்க வேண்டும்.

செல் தொடர்பு, வைஃபை இரண்டும் ஒரே சமயத்தில் உழைப்பதால் போன் சூடாகும். சார்ஜரில் போட்டுக்கொண்டே பயன்படுத்தினால் இன்னும் சூடாகும். ஐஃபோனைப் பயன்படுத்துவதற்கு ஆப்பிள் குறிப்பிடும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். தடித்த உறையைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். தலையணைக்கு அடியிலும் காரின் முன்கண்ணாடி ஓரத்திலும் வைக்கக் கூடாது. 5ஜி சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் போனை 4ஜி-யில் நிறுத்தி வைத்தால் சூடும் பேட்டரிச் செலவும் குறையக்கூடும்.

புளூடூத்தும் யுஎஸ்பியும்

வைஃபை ஹாட்ஸ்பாட் தவிர இன்னும் இரண்டு வழிகள் உண்டு. புளூடூத் டெதரிங் பேட்டரியைக் குறைவாகத் தின்னும். ஆனால் விநாடிக்கு ஓரிரு மெகாபிட்டுக்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. மின்னஞ்சலுக்கும் செய்திகளுக்கும் அது போதும்.

யுஎஸ்பி கேபிள் வழியாகப் பகிர்வது கணினிகளுக்கே பெரிதும் பயன்படுகிறது. எல்லா டேப்லெட்டுகளும் அதை ஏற்பதில்லை. ஏற்கும் டேப்லெட்டில், இரு முனையும் டைப்-சி ஆன, டேட்டா கடத்தும் கேபிளால் இணைத்து, ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யுஎஸ்பி டெதரிங்' சுவிட்சைத் திறக்க வேண்டும். சுவிட்ச் மங்கியிருந்தால், போனின் யுஎஸ்பி அமைப்பில் கட்டுப்பாடு எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று பார்த்து, அதை எதிர்முனையில் இருக்கும் டேப்லெட்டுக்கு மாற்றுங்கள். எது எதற்குச் சார்ஜ் ஏற்றுகிறது என்பதையும் அங்கேயே கவனியுங்கள். போனின் பேட்டரியை டேப்லெட் உறிஞ்சிக்கொண்டிருக்கலாம்.

இணையவில்லை என்றால்

பெயர் தெரியாவிட்டால் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கடவுச்சொல் தவறு என்று வந்தால், டேப்லெட்டின் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிட்டதா என்று பாருங்கள். போனில் கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால், டேப்லெட்டில் அந்த வைஃபையை 'ஃபர்கெட்' செய்துவிட்டுப் புதிதாக இணைவதுதான் வழி.

இணைந்தும் இணையம் வராமல் இருப்பது இன்னொரு வகை. டேப்லெட்டின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் போன் முகவரி எதையும் வழங்கவில்லை என்று பொருள். ஹாட்ஸ்பாட்டை அணைத்துத் திறந்தால், அதுவும் போதாவிட்டால் போனை மறுதொடக்கம் செய்தால், பெரும்பாலும் சரியாகிவிடும். முகவரி ஒழுங்காக இருந்தும் பாதுகாப்பு எச்சரிக்கைகளோடு பக்கங்கள் திறக்க மறுத்தால் டேப்லெட்டின் தேதியைப் பாருங்கள். நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப்லெட் ஏதோ ஒரு பழைய தேதியில் விழித்தெழுந்திருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்குச் செல்லாதவையாகத் தெரியும். போனில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) இயங்கினால் அதையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். போனின் விபிஎன் பொதுவாக ஹாட்ஸ்பாட்டில் இணைந்த கருவிகளுக்குப் பாதுகாப்பு தருவதில்லை என்பதால், அலுவலக வேலைக்கு விபிஎன் தேவைப்படுபவர்கள் டேப்லெட்டிலேயே அதைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

அழைப்பு வரும்போதெல்லாம் இணையம் அறுந்துபோனால், அழைப்பு வோல்ட்டியில், அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதியில் போகிறதா என்று பாருங்கள். 4ஜி-யில் வோல்ட்டி இல்லாவிட்டால் பல போன்கள் அழைப்புக்காகப் பழைய தலைமுறை நெட்வொர்க்குக்கு இறங்கும். அப்போது டேட்டா நிற்கும் அல்லது தவழும். இரண்டு சிம் உள்ள போனில் டேட்டா ஒரு சிம்மிலும் அழைப்பு மற்றொன்றிலும் வந்தால் இதே தடங்கல் நேரலாம். நீண்ட அழைப்பு வரக்கூடிய சிம்மையே டேட்டாவுக்கும் வைத்துக்கொள்வது ஒரு தீர்வு.

எல்லாம் சரியாக இருந்தும், போனில் இணையம் ஓடியும், டேப்லெட்டுக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேரவில்லை என்றால், எஞ்சியிருப்பது ஏபிஎன் அமைப்பு, அதாவது மொபைல் நிறுவனத்தின் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வாயிலின் பெயரும் விவரங்களும். சில மொபைல் நிறுவனங்களின் சிம்களில், ஆண்ட்ராய்டின் ஏபிஎன் பக்கத்தில் உள்ள வகை என்ற வரியில் 'டன்' என்ற டெதரிங் குறிச்சொல் இல்லாவிட்டால் ஹாட்ஸ்பாட் இயங்காது. ஐஃபோனில் 'செல்லுலார் டேட்டா நெட்வொர்க்' பக்கத்தில் பர்சனல் ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனி ஏபிஎன் பெட்டியே இருக்கிறது. இந்த எழுத்துகளை ஊகித்து நிரப்புவதைவிட, உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் ஹாட்ஸ்பாட்டுக்கான ஏபிஎன் என்ன என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்து பிசகாமல் உள்ளிட்டுவிட்டுப் போனை மறுதொடக்கம் செய்யுங்கள்.